வாசகர் கேள்வி பதில்: பென் டூலும் அதன் மேல்பட்டையும்

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். எழுதியவர்கள் வெவ்வேறு ஊர்க்காரர்கள், வெவ்வேறு வேலை செய்பவர்கள். ஆனாலும் அவர்களுடைய சிக்கல்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. போட்டோஷாப்பில் பென் டூலை (புள்ளிகளை வைத்துக் கோடும் வளைவும் வரையும் கருவியை) எடுத்ததும் திரையின் உச்சியில் மாறித் தோன்றும் ஆப்ஷன்ஸ் பார்தான் அந்த இடம். பென் டூல் 1991ஆம் ஆண்டு வெளிவந்த 2.0 பதிப்பிலிருந்தே போட்டோஷாப்பில் இருக்கிறது. அதைக் கையில் பழக்கியவர்கள் நம்மிடையே ஏராளம். அந்தக் கைப்பழக்கத்தின் காரணமாகவே பலருடைய கண் மேல்பட்டைக்குப் போவதில்லை என்று நினைக்கிறேன். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் வேலை செய்தேன். அதில் வீணான நேரத்தை நினைத்துத்தான் இப்பதில்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: இணையத்தில் விற்கப்படும் ஆடைகள், கைப்பைகள் ஆகியவற்றின் படங்களில் பின்னணியை நீக்கிக் கொடுப்பது என் தொழில். பென் டூலால் பையைச் சுற்றி வரைந்து கன்ட்ரோல், என்டர் விசைகளை அழுத்தினால், சில நாட்களில் பை செலக்ட் ஆகிறது. சில நாட்களில் பையை விட்டுவிட்டுப் பின்னணி முழுவதும் செலக்ட் ஆகிறது. அப்போதெல்லாம் செலக்ஷனைத் தலைகீழாக்கிக்கொள்கிறேன். கைப்பிடிக்கு நடுவில் தெரியும் இடைவெளியைத் தனியாக வரைந்து அழிக்கிறேன். இதற்கு என்ன காரணம்? (வாசகர், திருப்பூர்)

பதில்: பென் டூல் தேர்வில் இருக்கும்போது ஆப்ஷன்ஸ் பாரில், சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததைப் போன்ற சிறிய படக்குறி ஒன்று இருக்கும். அதன் பெயர் பாத் ஆபரேஷன்ஸ். அதைச் சொடுக்கினால் கம்பைன் (சேர்ப்பது), சப்ட்ராக்ட் (கழிப்பது), இன்டர்செக்ட் (பொதுப்பகுதியை மட்டும் வைப்பது), எக்ஸ்க்ளூட் (பொதுப்பகுதியை நீக்குவது) என்ற நான்கு விதிகளைக் காணலாம். நீங்கள் வரையும் ஒவ்வொரு வளையமும், வரையும் நேரத்தில் அங்கே எந்த விதி இருக்கிறதோ அதைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்கிறது. சப்ட்ராக்ட் என்றால் 'இருப்பதிலிருந்து இந்த வளையத்தைக் கழித்துவிடு' என்று பொருள். வேறெதுவும் வரையப்படாத நிலையில் முதல் வளையத்துக்கே அந்த விதி ஒட்டிக்கொண்டால், படம் முழுவதிலிருந்தும் அந்த வளையம் கழிக்கப்பட்டு, பின்னணி மட்டும் மிஞ்சுகிறது. முந்தைய நாள் வேறொரு படத்துக்காக நீங்கள் சப்ட்ராக்ட் விதியைத் தொட்டிருப்பீர்கள். மென்பொருள் அதை நினைவில் வைத்திருந்து மறுநாளும் பயன்படுத்தியிருக்கும். சில நாள் சரியாகவும் சில நாள் தலைகீழாகவும் வருவதற்கு இதுவே காரணம்.

இப்படி ஆகிவிட்ட பாத்தை, அதாவது பென் டூலால் வரைந்த கோட்டை, மறுபடி வரையத் தேவையில்லை. கறுப்பு அம்புக்குறியாக இருக்கும் பாத் செலக்ஷன் டூலால் அந்த வளையத்தைச் சொடுக்கித் தேர்ந்துகொண்டு, பாத் ஆபரேஷன்ஸில் கம்பைன் என்று மாற்றினால், விதி மட்டும் மாறும். நீங்கள் வைத்த ஆங்கர் பாயின்ட்டுகள் (கோட்டைத் தாங்கும் புள்ளிகள்) அப்படியே இருக்கும். இது தெரியாமல் நல்ல பாத்துகளை அழித்துவிட்டு முதலிலிருந்து வரைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கைப்பிடி இடைவெளிக்கும் இதே விதிகள் உதவும். பையின் வெளிக்கோட்டைக் கம்பைன் விதியில் வரையுங்கள். பிறகு விதியைச் சப்ட்ராக்ட் என்று மாற்றிக்கொண்டு கைப்பிடியின் உட்கோட்டை வரையுங்கள். இரண்டும் ஒரே பாத்தில் இருப்பதால், கன்ட்ரோலும் என்டரும் ஒருமுறை அழுத்தினால் ஓட்டையுடன் கூடிய பை செலக்ட் ஆகும். இங்கே வரிசை முக்கியம். சப்ட்ராக்ட் தனக்கு முன்பு வரையப்பட்டவற்றிலிருந்துதான் கழிக்கும். ஓட்டையை முதலில் வரைந்து, பையை அதற்குப் பின் வரைந்தால் ஓட்டை மூடிக்கொள்ளும். அப்படி நேர்ந்தால், ஓட்டையின் வளையத்தைத் தேர்ந்து, பக்கத்தில் இருக்கும் பாத் அரேஞ்ச்மென்ட் பட்டியலில் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் கொண்டுவாருங்கள். எக்ஸ்க்ளூட் விதியில் வரிசைச் சிக்கல் இல்லை. ஆனால் பையையும் அதைத் தோளில் மாட்டும் வாரையும் தனித்தனி வளையங்களாக வரைந்து அவை ஓரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், ஏறிய இடம் ஓட்டையாகிவிடும். ஆகவே உங்கள் தொழிலுக்குக் கம்பைனும் சப்ட்ராக்டும்தான் பாதுகாப்பானவை என்பது என் கருத்து. பாத் ஆபரேஷன்ஸ் பட்டியலின் அடியில் இருக்கும் மெர்ஜ் ஷேப் காம்பொனென்ட்ஸ் எல்லா வளையங்களையும் ஒன்றாக உருக்கிவிடும். அதன்பின் விதியை மாற்ற முடியாது என்பதால், வேலை முழுவதும் முடியும்வரை அதைத் தொடாதீர்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு செய்திகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவை உங்கள் நாளின் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தக்கூடியவை. முதலாவது, பாத்ஸ் பேனலில் 'ஒர்க் பாத்' என்ற பெயருடன் இருப்பது தற்காலிகமானது. அதன் தேர்வை விட்டுவிட்டுப் புதிதாக வரையத் தொடங்கினால் பழையது அழிந்து, புதியது அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பெயரின்மேல் இரட்டைச் சொடுக்குச் செய்து வேறு பெயர் கொடுத்துவிட்டால் அது நிலைத்துவிடும். அப்படிப் பெயரிட்ட பாத், போட்டோஷாப்பின் சொந்த வடிவமான பிஎஸ்டி கோப்பில் மட்டுமல்லாமல் ஜேபெக் கோப்பிலும் படத்தோடு சேர்ந்தே சேமிக்கப்படும். வாடிக்கையாளர் ஒரு மாதம் கழித்துப் பின்னணியின் நிறத்தை மாற்றித் தரச் சொன்னால், பாத் உங்களுக்காகக் காத்திருக்கும்.

இரண்டாவது, பின்னணியை அழிக்கவே வேண்டாம். ஆப்ஷன்ஸ் பாரின் இடப்பக்கக் கீழிறங்கு பட்டியலில் பாத் என்று இருக்கும்போது, அதை ஒட்டி செலக்ஷன், மாஸ்க், ஷேப் என்ற மூன்று பொத்தான்கள் தெரியும். பலரும் முதல் பொத்தானைத் தாண்டுவதில்லை. மாஸ்க் பொத்தானை அழுத்தினால் பாத் அப்படியே அந்த லேயரின் (படத்தைத் தாங்கும் அடுக்கின்) வெக்டர் மாஸ்க், அதாவது பிக்சல்களால் அல்லாமல் கோடுகளால் ஆன மறைப்பு, ஆகிவிடும். (லேயர் 'பேக்கிரவுண்ட்' என்று பூட்டப்பட்டிருந்தால் முதலில் பூட்டை எடுத்துவிடுங்கள்.) பின்னணி மறையும், ஆனால் அழியாது, ஓரத்தில் ஒரு வளைவு பிசகியிருந்தால் வெள்ளை அம்புக்குறியாக இருக்கும் டைரக்ட் செலக்ஷன் டூலால் இழுத்துச் சரிசெய்யலாம். அந்த மாஸ்க்கைத் தேர்ந்தபடி ப்ராபர்ட்டீஸ் பேனலைப் பாருங்கள். அங்கே டென்சிட்டி (மறைப்பின் அடர்த்தி), ஃபெதர் (ஓரத்தின் மென்மை) என இரண்டு அளவைகள் இருக்கும். ஆடையின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் தெரிந்தால் ஃபெதரை அரை பிக்சல் அளவுக்கு ஏற்றுங்கள். பிடிக்காவிட்டால் பூஜ்யத்துக்குத் திரும்பலாம். செலக்ஷனில் ஃபெதர் கொடுத்துப் பின்னணியை அழித்தவருக்கு அந்த வசதி கிடையாது. கம்பளி, சரிகைக் குஞ்சம் போன்று இழை பிரியும் இடங்களுக்கு வெக்டர் மாஸ்க் போதாது. அதே லேயரில் சாதாரண லேயர் மாஸ்க் ஒன்றையும் சேர்த்து, அந்த இடங்களை மட்டும் பிரஷ்ஷால் சரிசெய்யுங்கள். ஒரு லேயர் இரண்டு மாஸ்க்குகளையும் ஒருங்கே ஏற்கும்.

கேள்வி: திருமண அழைப்பிதழ்கள் வடிவமைக்கிறேன். ஓரத்தில் முத்து கோத்ததுபோல் புள்ளி வரிசை வைப்பதற்கு ஒரு சிறு வட்டத்தை நகலெடுத்து நகலெடுத்து அடுக்குகிறேன். அளவு மாறினால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. கொடி வேலைப்பாட்டில் கோடு முனையில் மெலிந்து நடுவில் தடிக்க வேண்டும் என்றாலும் கையால்தான் வரைகிறேன். வேறு வழி உண்டா? (வாசகர், சிவகாசி)

பதில்: உண்டு. 2012ஆம் ஆண்டின் சிஎஸ்6 பதிப்பிலிருந்து ஷேப் லேயர்களுக்கென்று (வெக்டர் வடிவங்களைத் தாங்கும் அடுக்குகளுக்கென்று) தனி ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) வசதி வந்துவிட்டது. ரெக்டாங்கிள் டூலை எடுத்து, ஆப்ஷன்ஸ் பாரில் ஷேப் என்பதைத் தேர்ந்து, ஃபில் (உள்நிறம்) இல்லாமல் ஸ்ட்ரோக் மட்டும் கொடுத்து அழைப்பிதழின் ஓரத்துக்கு ஒரு செவ்வகம் வரையுங்கள். ஸ்ட்ரோக் அளவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடு போன்ற கீழிறங்கு பட்டியல் இருக்கும். அதைத் திறந்து, அடியில் இருக்கும் மோர் ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்துங்கள். வரும் பெட்டியில் டேஷ்டு லைன் என்பதைக் குறியிட்டு, டேஷ் (கோட்டுத்துண்டு) 0, கேப் (இடைவெளி) 2 என்று கொடுத்து, கோட்டின் முனை வடிவத்தை வட்ட முனையாக மாற்றுங்கள். நீளமே இல்லாத ஒரு கோட்டின் இரு முனைகளும் அரைவட்டமாக வரும்போது அவை சேர்ந்து ஒரு முழு வட்டமாகின்றன. அதுதான் உங்கள் முத்து. முனையை மாற்ற மறந்துவிட்டால் திரையில் ஒன்றும் தெரியாது. டேஷ் பூஜ்யமாக இருக்கும்போது வட்ட முனைதான் புள்ளியை உண்டாக்குகிறது.

அங்கே கொடுக்கும் எண்கள் பிக்சல் அளவுகள் அல்ல, ஸ்ட்ரோக்கின் தடிமனுக்கு எத்தனை மடங்கு என்பதைக் குறிப்பவை. இதைப் புரிந்துகொண்டால் மூலைகளில் புள்ளி பாதியாக வெட்டுப்படுவதையோ நெருங்கி இடிப்பதையோ கணக்குப் போட்டே தவிர்த்துவிடலாம். ஸ்ட்ரோக் 10 பிக்சல், கேப் 2 என்றால், 20 பிக்சலுக்கு ஒரு புள்ளி விழும். செவ்வகத்தின் அகலம் 600, உயரம் 400 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், அகலத்தில் 30 இடைவெளிகள், உயரத்தில் 20 இடைவெளிகள். நான்கு மூலைகளிலும் சரியாக ஒரு புள்ளி உட்காரும், சுற்றிலும் மொத்தம் 100 புள்ளிகள். புள்ளி வைத்துக் கோலம் போடுபவர்கள் வரிசையை எண்ணிக்கொண்டு தொடங்குவதைப் போன்றதுதான் இதுவும். ஸ்ட்ரோக்கின் அலைன் அமைப்பைச் சென்டரில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைச் செய்யுங்கள். அழைப்பிதழின் அளவு மாறினால், ஓரத்தின் அகலமும் உயரமும் மறுபடி 20ஆல் வகுபடுமாறு செவ்வகத்தின் அளவைத் திருத்தினால் போதும். புள்ளிகள் தாமாகவே அமைந்துகொள்ளும்.

கொடிக்கு வேறு வழி. பென் டூலில் பாத் முறையில் கொடியின் கோடுகளை வரைந்து சேமித்துக்கொள்ளுங்கள். பிரஷ் டூலை எடுத்து, ஓரம் கூர்மையான ஒரு பிரஷ்ஷைத் தேர்ந்து, பிரஷ் செட்டிங்ஸில் ஷேப் டைனமிக்ஸைத் திறந்து, அளவைக் கட்டுப்படுத்துவது பென் ப்ரஷர் என்று வையுங்கள். பிறகு புதிய லேயர் ஒன்றில் நின்றுகொண்டு, பாத்ஸ் பேனலின் பட்டியலிலிருந்து ஸ்ட்ரோக் பாத் கொடுங்கள். வரும் சிறு பெட்டியில், பிரஷ் தேர்வுக்குக் கீழே சிமுலேட் ப்ரஷர் என்ற ஒரு கட்டம் இருக்கும். அதைக் குறியிட்டால், அழுத்தம் உணரும் பேனா இல்லாமலேயே கோடு மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் தடித்து, முடிவில் மெலியும். இந்தக் கட்டத்தை முயன்று பார்த்து 'ஒன்றும் ஆகவில்லை' என்று விட்டுவிட்டவர்கள் பலர்; ஷேப் டைனமிக்ஸில் அந்த ஒரு அமைப்பு இல்லாததே அதற்குக் காரணம். இப்படி வந்த கோடு பிக்சலாகத்தான் இருக்கும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். பாத் உங்களிடம் இருக்கிறது. தடிமன் பிடிக்காவிட்டால் அந்த லேயரை நீக்கிவிட்டு வேறு பிரஷ் அளவில் மறுபடி கொடுக்கலாம்.

கேள்வி: அழைப்பிதழில் எழுத்துகளும் ஓரங்களும் என் திரையில் கூர்மையாக இருக்கின்றன, அச்சானபின் ஓரங்கள் மங்கலாகத் தெரிகின்றன. எழுத்துருவும் சில சமயம் அச்சகத்தில் மாறிவிடுகிறது. (வாசகி, ஈரோடு)

பதில்: நீங்கள் ஜேபெக் கோப்பாக அனுப்புகிறீர்கள் என்று கடிதத்தின் பிற்பகுதியிலிருந்து தெரிகிறது. ஜேபெக்கில் பெயரிட்ட பாத் தங்கினாலும், அச்சாகும் எதுவும் வெக்டராக மிஞ்சாது. எழுத்தும் ஷேப்பும் பிக்சல்களாகிவிடும். லேயர்களைத் தட்டையாக்காமல் போட்டோஷாப் பிடிஎஃப் ஆகச் சேமித்தால் அவை வெக்டராகவே அச்சகத்துக்குப் போகும். உங்கள் அச்சகம் இபிஎஸ் (அச்சுக்கான ஒரு கோப்பு வடிவம்) தான் வேண்டும் என்றால், சேமிக்கும்போது வரும் பெட்டியில் இன்க்ளூட் வெக்டர் டேட்டா என்ற கட்டத்தைக் குறியிடுங்கள். அந்தக் கோப்பைத் திரும்பப் போட்டோஷாப்பில் திறந்தால் எல்லாம் பிக்சலாகிவிடும் என்பதால், பிஎஸ்டி மூலத்தைக் கட்டாயம் தனியே வைத்திருங்கள். எழுத்துரு மாறுவதைத் தடுக்க, எழுத்து லேயரை ஒரு நகல் எடுத்து மறைத்துவிட்டு, மற்றதை டைப் பட்டியலில் உள்ள கன்வெர்ட் டு ஷேப் மூலம் வடிவமாக்குங்கள். பெயரில் எழுத்துப்பிழை கண்டுபிடிக்கப்படும்போது அந்த நகல்தான் கைகொடுக்கும்; வடிவமாக்கிய எழுத்தைத் திருத்தித் தட்டச்சு செய்ய முடியாது.

கேள்வி: விஷுவல் கம்யூனிகேஷன் முதலாண்டு மாணவன். பென் டூலால் வரையும்போது வளைவு எங்கே போகும் என்பது அடுத்த புள்ளியை வைத்த பிறகுதான் தெரிகிறது. ஏற்கெனவே வரைந்த கோட்டுக்கு மிக அருகில் புதிய புள்ளி வைக்கப் போனால், அந்தக் கோட்டில் புள்ளி சேர்ந்துவிடுகிறது. இணையதளத்துக்கு வரைந்த சிறு ஐகான்களின் ஓரங்கள் மங்கலாகவும் இருக்கின்றன. (வாசகர், மதுரை)

பதில்: மூன்றுக்கும் விடை அதே மேல்பட்டையில், ஒன்றையொட்டி ஒன்று இருக்கின்றன. பல்சக்கரக் குறியைச் சொடுக்கி ரப்பர் பேண்ட் என்பதைக் குறியிட்டால், அடுத்த சொடுக்குக்கு முன்பே கோடு உங்கள் கர்சரோடு நீண்டு வந்து, எங்கே வளையப்போகிறது என்பதைக் காட்டும். அதே இடத்தில் பாத்தின் தடிமனையும் நிறத்தையும் மாற்றலாம். நீலத் துணியின் படத்தின்மேல் நீலப் பாத்தைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பல்சக்கரத்துக்கு அடுத்து இருக்கும் ஆட்டோ ஆட் அல்லது டிலீட் என்ற கட்டத்தின் குறியை எடுத்துவிட்டால், பழைய கோட்டின்மேல் சொடுக்கினாலும் அதில் புள்ளி சேராது.

ஐகான் மங்குவதற்குக் காரணம், ஷேப்பின் ஓரம் ஒரு பிக்சலின் நடுவே விழுவது. பாதி பிக்சலை நிரப்ப முடியாததால் மென்பொருள் அங்கே இடைநிறத்தைப் பூசுகிறது. ஷேப்பைத் தேர்ந்து அலைன் எட்ஜஸ் கட்டத்தைக் குறியிட்டால் நேர் ஓரங்கள் பிக்சல் கட்டத்தோடு பொருந்திக்கொள்ளும். ப்ரிஃபரென்ஸஸில் வெக்டர் டூல்களைப் பிக்சல் கட்டத்தோடு ஒட்டவைக்கும் அமைப்பையும் இயக்கி வைத்துக்கொள்ளுங்கள். வளைந்த ஓரங்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் சிறிது இடைநிறம் இருந்தே தீரும், இருக்கவும் வேண்டும்.

நீங்கள் மாணவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். ரப்பர் பேண்ட் இருக்கிறதே என்று நிறையப் புள்ளிகளை வைத்துப் பழகாதீர்கள். பிரான்ஸில் சிட்ரோயன் நிறுவனத்தில் பால் டி காஸ்டெல்ஜோவும், ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியேவும் கார் உடலின் வளைவுகளைக் கணக்கில் கொண்டுவருவதற்காகத் தனித்தனியே வகுத்த கோடுதான் நீங்கள் பென் டூலால் இழுப்பது. டி காஸ்டெல்ஜோ முந்திக்கொண்டாலும் அவருடைய பணி நிறுவன இரகசியமாகவே வைக்கப்பட்டதால், கோட்டுக்குப் பெசியே பெயர் நிலைத்தது. மிகச் சில புள்ளிகளால் நீண்ட வளைவைச் சொல்லிவிடுவதே அதன் பலம். ஒரு வட்டத்துக்கு நான்கு ஆங்கர் பாயின்ட்டுகள் போதும்; ஒவ்வொன்றின் ஹேண்டில் (புள்ளியிலிருந்து நீண்டு வளைவை இழுக்கும் கைப்பிடிக்கோடு) நீளமும் ஆரத்தில் ஏறக்குறைய 0.55 பங்கு இருந்தால், அது வட்டமில்லை என்று கண்ணால் சொல்ல முடியாது. வரைந்து முடித்ததும் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். வளைவு திரும்பும் இடங்களைவிடப் புள்ளிகள் மிகுதியாக இருந்தால் சிலவற்றை நீக்கி ஹேண்டில்களை நீட்டுங்கள். கோடு உடனே வழுவழுப்பாவதைக் காண்பீர்கள்.

கேள்வி: நான் ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளை மட்டுமே பயன்படுத்துகிறேன். அதில் பாத்ஸ் டூல் இருக்கிறது, ஆனால் நீங்கள் போட்டோஷாப்பைப் பற்றி எழுதும் வசதிகள் எதுவும் இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: பாதி உண்மை. ஜிம்ப் 3.0 பதிப்பில் ஸ்ட்ரோக் கொடுத்தால் அது பிக்சலாகத்தான் விழும். ஆனால் உங்கள் நண்பர்கள் இல்லை என்று சொல்பவற்றில் பல, மடித்து வைக்கப்பட்ட பெட்டிக்குள் இருக்கின்றன. பி விசையை அழுத்திப் பாத்ஸ் டூலை எடுத்து, ஒரு பாத் வரைந்து, டூல் ஆப்ஷன்ஸில் ஸ்ட்ரோக் பாத் பொத்தானை அழுத்துங்கள். வரும் பெட்டியில் தடிமனைக் கேட்கும் இடத்தோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். அங்கேயே லைன் ஸ்டைல் என்று மடிந்திருக்கும் பகுதியை விரித்தால், முனை வடிவம், மூலை வடிவம், டேஷ் வடிவமைப்பு எல்லாம் வெளிப்படும். டேஷ் ப்ரீசெட் பட்டியலில் அடர்ந்த புள்ளிகள், இயல்பான புள்ளிகள், அருகிய புள்ளிகள் எனத் தனித்தனியாகவே உண்டு. வட்ட முனையோடு சேர்த்தால், சிவகாசி வாசகருக்குச் சொன்ன முத்து வரிசை உங்களுக்கும் கிடைக்கும். அதே பெட்டியில் கோட்டுக்குப் பதிலாகப் பெயின்ட் டூலால் தீட்டுமாறு தேர்ந்து, எமுலேட் பிரஷ் டைனமிக்ஸ் கட்டத்தைக் குறியிட்டு, பிரஷ்ஷின் டைனமிக்ஸை ப்ரஷர் சைஸ் என்று வைத்திருந்தால் கொடிக்கோடும் வரும்.

திருப்பூர் வாசகரின் வேலையைச் செய்யவும் ஜிம்பில் எளிய வழி இருக்கிறது. பாத் முடிந்ததும் என்டர் அழுத்தினால் செலக்ஷன் ஆகும். ஷிப்ட்டுடன் என்டர் அழுத்தினால் இருக்கும் செலக்ஷனோடு சேரும். கன்ட்ரோலுடன் அழுத்தினால் அதிலிருந்து கழியும். பாத்ஸ் பேனலில் பாத்தின்மேல் வலச் சொடுக்குச் செய்தால் அதை எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பாக வெளியே எடுக்கவும், வெளியிலிருந்து உள்ளே கொண்டுவரவும் முடியும். ஜிம்பில் புகைப்படத்தின்மேல் வரைந்த கோட்டை இன்க்ஸ்கேப் என்ற வெக்டர் வரைகலை மென்பொருளில் திறந்து, அங்கே அதை வெக்டராகவே வண்ணம் தீட்டி அச்சுக்கு அனுப்பலாம். ஆக, ஜிம்ப் பிக்சலாக முடித்துவிடும் இடத்திலிருந்து உங்கள் பாத் வெக்டராகவே தொடரும்.